கை எழும்போது வரும் பாட்டு

அன்புள்ள கமலவல்லிக்கு,

துபாய் தோட்டத்திலிருந்து நான் சொல்லச் சொல்ல ஜாஃபர் சாதிக் எழுதுகிறான். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே கானா நாட்டு மோசஸ் டேப்பில் ஒரு பாட்டு போடுவான். ரெகே என்று பேராம். அடிமையாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டியதாம். நடவில் கை இறங்கும்போது நின்று, கை எழும்போது பாட்டு வருமே, தாளம் அதேதான். அறுபத்தேழில் கூலி உயர்த்தச் சொல்லி வரப்பில் நின்று நீ பாடினாயே, அதை நான் பாடிக் காட்டினேன்.

"எங்க பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்னு மோசஸ் கேக்குறான் பெரியவரே" என்று ஜாஃபர் சிரித்தான்.

போன வெள்ளிக்கிழமை இருபது பேர் பாடிக்கொண்டே போய், முதலாளி பிடுங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கேட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை, டேப்பை உடைத்தார்கள். மோசஸைப் போலீஸ் கொண்டுபோனது.

"ஊருக்குப் போற நெனப்பையே விட்டுடு கிழவா" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது நிசந்தான், கமலவல்லி.

வலிக்குத் தைலம் இரண்டு குப்பி அனுப்பு. உன் பாட்டைக் கேசட்டில் பிடித்து அனுப்பச் சொன்னேனே, இனி வேண்டாம். போட்டுக் கேட்கப் பெட்டியில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஜாஃபர் நின்றபடியே எழுதுகிறான். பாட்டில் ஒரு சொல்லும் நான் மறக்கவில்லை. உன் குரல்தான் மறந்துகொண்டு வருகிறது.

அய்யாவு