மழையில் பார்க்காத மனை

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ நலந்தானே? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் சத்தீஸ்கரில் போர்வெல் வண்டியோடு நன்றாகவே இருக்கிறேன். காட்டுக்குள் டவர் இல்லாததால் இந்தக் கடிதம்.

விலை ஏறுமென்று மேச்சேரிப் பக்கம் முதன்முதலாக ஒரு மனை வாங்கிப் போட்டோமே, அதில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறதாம். லீவு முடிந்து வண்டி வேலைக்குத் திரும்பிய செல்லமுத்து சொன்னான். அவனோடு சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன்.

“மழை பேஞ்ச பொறவு ஒருக்காப் பாத்துட்டு வாங்கலாமுங்க” என்றாய். “உனக்கென்ன தெரியும்?” என்று புரோக்கர் முன்னால் உன் வாயை அடைத்தேன். நீ உள்ளே போய்விட்டாய். மனையைவிட அதுதான் உறுத்துகிறது.

மனைப் பக்கம் போனால் போட்டோ எடுத்து வை; நீயும் அந்தப் போட்டோவில் இரு, உன்னையும் பார்த்த மாதிரி இருக்கும். மனையை என்ன செய்யலாம் என்று நீயே சொல், கேட்கிறேன். ஊருக்கு வரும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்; அது கிளம்புகிறது.

உன்,
மாதேஸ்வரன்