தண்ணீருக்கடியில் காய்க்கும் அல்லி

இன்று காலை சுங்கை பட்டாணி பசாரில் அல்லித்தண்டு கட்டுக் கட்டாக விற்றார்கள். ஒன்றை ஒடித்து மோந்தேன். அதே சேற்று வாடை. உள்ளே அதே காற்றுத் துளைகள். நீ இருந்திருந்தால் அதை வாயில் வைத்துத் தண்ணீரில் ஊதிக் குமிழி விட்டிருப்பாய்.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றி முள்வேலி. சோறு காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். அதனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற நாம் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் தலைத்துண்டைக்கூட உதறிப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். முதல் பிள்ளை, பசி மயக்கத்தில் நான் மரத்தடியில் விழுந்து கலைந்திருந்தது. இதுவும் போய்விடுமோ என்று தினமும் பயந்து செத்தேன்.

பக்கத்து லயத்து வீட்டுக்காரி நீ. நாம் பால் வெட்டும் காட்டிலிருந்த அல்லிக் குளத்தைக் காட்டிச் சிரித்தாய். "சோறுதானடி கேட்டைத் தாண்டக் கூடாது? இது வெளியதானே மொளைச்சிருக்கு!"

தாமரை இலை தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும். அல்லி இலை ஒரு பக்கம் பிளந்து, தண்ணீரோடு படுத்துக் கிடக்கும். இரவில் விரிந்த பூ, நாம் பால் எடுக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். சில நாளில் காம்பு வளைந்து அதை உள்ளே இழுத்துவிடும். காய் தண்ணீருக்கடியில்தான் முற்றும். பஞ்சு போன்ற அந்தக் காயைப் பிளந்து, வழவழத்த விதைகளை என் வாயில் திணிப்பாய். "மொகத்தச் சுளிக்காம முழுங்குடி!"

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், பாவிகள். பட்டாளத்துக்காரன் வந்து, குளத்தைச் சுத்தமாக்கச் சொல்லி உன்னையும் சேர்த்து நம் ஆட்களையே இறக்கினான். இலையும் பூவும் கரையில் குவிந்தன. வெறும் தண்ணீரைப் பார்த்துத் திருப்தியாகப் போனான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஏண்டி ஒப்பாரி வைக்கிற? மெதக்கிறதத்தான் அவன் பாத்தான். காய நாங்க தொடவே இல்ல லா."

அதற்குப் பிறகு இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவிக் காய் தேடினாய். ஈரச் சேலையைப் பார்த்துக் கேட்டில் விசாரித்தால், வழுக்கி விழுந்தேன் என்பாய். உன்னைப்போல் வழுக்கி விழுந்தவள் கெடா மாநிலத்திலேயே கிடையாது. என் மகள் நிறைமாதத்தில் பிறந்தாள்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்தபோது, வாய்க்கரிசி போட அவள்தான் முன்னால் வந்தாள். "நீ என்ன மொறைம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எனக்கு மொத மொத ஊட்டுனவங்க" என்றாள். கை நிறைய அள்ளினாள்.

"கொஞ்சமா போட்டா போதும்மா."

எனக்கு வந்ததே கோபம்! "நெறையப் போடட்டும், விடுங்கய்யா" என்று கத்திவிட்டேன். உன்னை ஒரு பிடி சோறு கொண்டுபோக விடாதவர்கள் மேல் வந்த கோபம் அது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, புள்ள.