ஓடைக்கரை வகுப்பு

ஜூன் 10, திங்கள்

என் பாலர் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பையை அறையில் போட்ட கையோடு ஓடைக்குக் கிளம்பினோம். நான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் பாஷையில் வலது, இடது கிடையாது. மேட்டுப்பக்கக் கை, ஓடைப்பக்கக் கை, அவ்வளவுதான். திரும்பி நின்றால் கையின் பெயரும் மாறிவிடும். இதை நாற்காலியில் உட்காரவைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சரிவில் நடக்க விட்டால் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

தங்கச்சி மகளுக்கு நாலரை வயது, வாயாடி. இன்று என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “பெரியம்மா, மேட்டுப்பக்கக் காலை நீட்டு” என்றாள். எங்கள் பாஷையில்தான். அதை வீட்டில் அவள் அம்மாவிடம் சொல்லாதே என்று நானே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. தங்கச்சி பிள்ளையை இங்கே விடுவது பாஷைக்காக இல்லை, ஏழு மணிக்கு மில்லுக்கு ஓட வேண்டும் என்பதால்தான்.

ஜூன் 18

மழை. ஓடைக்குப் போகவில்லை.

ஜூன் 27, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

தச்சர் மகன் மார்ச்சில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காதவன். இன்று ஓடைக்கரையில் நண்டைப் பார்த்து முழு வாக்கியமாக ஒன்று சொன்னான். “அது வேருக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு.” எங்கள் பாஷையில், வினைச்சொல் பிசகாமல். நான் அப்படியே நின்றுவிட்டேன். இன்னொரு தடவை சொல்லுடா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் வாயாடி பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

தங்கச்சி மில்லிலிருந்து நேரே வந்தாள். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்தாள். பாதியில்தான் எனக்கு உறைத்தது — அவள் திட்டுவது எங்கள் பாஷையில். பதினெட்டு வருஷமாக அவள் வாயில் வராத பாஷை. ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. நான் மறந்தே போயிருந்த வசவுகள்கூட வந்தன.

கட்டுப்போட்ட கையோடு குழந்தை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. “அம்மாவுக்கும் தெரியுமா?”

தங்கச்சி அதோடு நிறுத்திக்கொண்டாள். அப்புறம் பேசியதெல்லாம் ஊரெல்லாம் பேசுகிற பெரிய பாஷையில்.

ஜூலை 3, புதன்

மேற்பார்வையாளர் வந்தார். கையில் புகார்க் கடிதம். நாலு கையெழுத்து, முதல் கையெழுத்து தங்கச்சியுடையது. அழகான கையெழுத்து, நான்தான் கைபிடித்துப் பழக்கினேன்.

“பாஷையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்னு யாரும் சொல்லலம்மா. உள்ள வச்சுச் சொல்லிக்கொடுங்க. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். ஓடைக்குப் போகும் பின்பக்கக் கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது.

ஜூலை 4

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

“கை ஒடிஞ்சதுக்காக மட்டும் எழுதிக் குடுத்தேன்னு நெனைக்காதக்கா. எட்டாவதுல நான் வாயத் தொறந்தாலே கிளாஸே சிரிக்கும். நீ அஞ்சாவதோட நின்னுட்ட, உனக்கென்ன தெரியும்? எம்பொண்ணு வாயத் தொறந்தா யாரும் சிரிக்கக் கூடாது.”

அவளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டச் சம்பாதிக்கப் போனவள் நான். அதனால்தான் அஞ்சாவதோடு நின்றேன். சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லி என்ன ஆகப்போகிறது. பிள்ளையை விட்டுவிட்டு ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான்.

ஜூலை 22, திங்கள்

நாலு சுவருக்குள் மூன்று வாரம். “கதவு எந்தக் கைப்பக்கம்?” என்று எங்கள் பாஷையில் கேட்டேன். தச்சர் மகன் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றான். “ஓடை எங்க இருக்குன்னு தெரியலையே” என்றான், பெரிய பாஷையில். ஜன்னலும் அடைத்திருந்தது. தப்பு அவனுடையதா?

அதன் பிறகு அவன் பழையபடி வாயை மூடிக்கொண்டான்.

ஆகஸ்ட் 9

ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழ் இல்லாதவர் ஆசிரியராக இருக்க முடியாதாம். ஆயா வேலை தருகிறார்கள். எங்கள் பாஷைக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஆள் யார் என்று யாரைக் கேட்பது? எழுத்தே இல்லாத பாஷை. இந்த எரிச்சலைக்கூடப் பெரிய பாஷையில்தான் எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 12

ஒத்துக்கொண்டேன். வேறெங்கே போவது? பிள்ளைகளை வாசலிலாவது பார்க்கலாம்.

செப்டம்பர் 4, புதன்

புது டீச்சர் நல்ல பெண். நல்லவளாக இல்லாமலிருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வந்து, “அக்கா, இந்த வார்த்தைய எப்படிச் சொல்லணும்?” என்று கேட்கிறாள். சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளே போய்த் தப்பாகச் சொல்கிறாள். பிள்ளைகள் அந்தத் தப்பையே கோரஸாகச் சொல்கிறார்கள். நான் வெளியே தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பாஷையைப் பாதுகாக்கப் போகிறார்களாம். காற்றுப் போகாத ஓர் அறை, ஒரு மைக், பதிவு செய்ய ஒரு பையன், அவன் கையில் முந்நூறு சொற்களின் பட்டியல்.

“வலது கைக்கு என்ன சொல்லுவீங்க?”

“நான் எங்க நிக்கிறேன்?”

“சும்மா பொதுவாச் சொல்லுங்கம்மா.”

“பொதுவா எங்களுக்குக் கை இல்லீங்க.”

அந்தப் பையன் சிரித்துவிட்டு, பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். எனக்கும் பஸ் இருந்தது. மேட்டுப்பக்கக் கையையே வலது கை என்று சொல்லிவிட்டேன். இனி அதுதான் சரி. பாதுகாத்துவிட்டார்கள்.

அக்டோபர் 7

தங்கச்சி இன்று வாசலில் நின்று பேசினாள். குழந்தை படம் பார்த்து எழுத்துக்கூட்டுகிறாளாம். நல்லது என்றேன். வாய் கசந்தது.

நவம்பர் 11, திங்கள்

காலையில் நல்ல மழை, பத்து மணிக்கு வெயில். மேற்பார்வையாளர் வருகிறார் என்று கூடத்தை இரண்டு தடவை துடைத்திருந்தேன். குப்பை கொட்டிவிட்டுப் பின்கதவைப் பூட்ட மறந்தது நான்தான். டீச்சர் முன்வாசலில் மேற்பார்வையாளருக்காக நின்றிருந்தாள். திரும்பினால் கூடம் காலி. பதினொரு பேரும் சரிவில். தச்சர் மகன் குனிந்து மண்ணில் எதையோ பார்க்கிறான். மற்றவர்கள் அவனைச் சுற்றி. எல்லோர் காலிலும் முழங்கால் வரை சேறு.

என் கண்ணில் பட்டது சேறு மட்டும்.

“எல்லாரும் உள்ள வாங்க! தரையெல்லாம் பாழாகுது! ஓடுங்க உள்ள!”

கத்தி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பெரிய பாஷையில் கத்தியிருக்கிறேன். யோசித்துப் பேசவில்லை, தானாக வந்தது.

உடனே வந்துவிட்டார்கள். வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு காலாகத் துடைத்துவிட்டேன். என்ன பார்த்தாய் என்று அவனைக் கேட்கவில்லை. வாயாடி தன் முறை வந்ததும் காலை நீட்டி, “சாரி பெரியம்மா” என்றாள்.

பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். தரை சுத்தமாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்.