கடைசியாகப் பயன்படுத்திய தேதி

மார்ச் 4, 07:10. வாரச் சோதனை
விண்வெளிச் சரக்குக் கப்பல் பொருநை. ஓட்டுவது நான் ஒருவன், முருகுபாண்டி. பின்னால் வரும் கொற்கையை என் தங்கை செண்பகம் ஓட்டுகிறாள். இரண்டு கப்பல்களிலும் நிறுவிய செயலிகளின் பண்புகளைப் பார்ப்பது என் வேலை: பதிப்பு, அளவு, கடைசியாகப் பயன்படுத்திய தேதி. எல்லாம் சரி. அவளுடைய இயங்குதளம் வேறு. அதை ஓட்டை என்று சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டாள்.

மார்ச் 5, 16:40. விபத்து
விண்கற்கள். கொற்கையின் இயந்திரம் போய்விட்டது, குரல் அனுப்பும் ஆன்டெனாவும் போய்விட்டது. என் குரல் அவளுக்குக் கேட்கலாம், பதில் வராது. சோதனை இணைப்பு மட்டும் பிழைத்திருக்கிறது. அதில் செயலிகளின் பண்புகள் தவிர வேறெதுவும் தெரியாது. உயிரோடிருந்தால் என் குரலைக் கேட்க முதலில் வானொலிச் செயலியைத்தான் திறப்பாள், அதன் தேதி மாறும்.

மார்ச் 6, 15:05
வானொலிச் செயலி, கடைசிப் பயன்பாடு: மார்ச் 4. விபத்துக்கு முந்தைய நாள். நூறு தடவை பார்த்துவிட்டேன், மாறவில்லை.
தரைக் கட்டுப்பாட்டிலிருந்து ஹமீது சார்: "முருகு, மனசத் தேத்திக்கப்பா. நீயாவது வந்து சேரணும்."
ஊருக்குத் திரும்ப எரிபொருளை எரித்துவிட்டேன். இனி கொற்கை பக்கம் போக முடியாது. கிளம்பும்போது வெறும் காற்றிடம் சொல்வதாக நினைத்து வானொலியில் சொன்னேன்: "போயிட்டு வாரேன்டி, செண்பகம்."

மார்ச் 9, 11:20
தரையில் கொற்கையின் மென்பொருளைக் கவனிக்கும் ரெஜினாவிடமிருந்து செய்தி:
"சார், உங்க கப்பல்ல செயலியத் திறந்தாலே தேதி மாறிடும். கொற்கையில மூடினாத்தான் மாறும். திறந்தே வச்சிருந்தா பழைய தேதிதான் காட்டும். மன்னிச்சிருங்க சார், இப்பத்தான் கவனிச்சேன்."
திறந்த கையோடு மூடுகிறவள் அவள். அதனால் இத்தனை நாள் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.
திறந்து வைத்துக்கொண்டு என் குரலுக்காகக் காத்திருந்திருக்கிறாளோ? நான் விடைபெற்றதையும் கேட்டாளோ?
எரிபொருள் கணக்கை மறுபடி மறுபடி போட்டேன். எப்படிப் போட்டாலும் பத்தவில்லை.

மார்ச் 10, 05:50
விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் உண்மையைச் சொன்னேன்: "நீ செத்துட்டன்னு நெனச்சு விட்டுட்டு வந்துட்டேன்டி. திரும்பி வர வழியில்ல."
பிறகு பண்புகளைத் திறந்தேன்.
வானொலிச் செயலி, கடைசிப் பயன்பாடு: மார்ச் 10, 05:48.
மூடிவிட்டாள்.