சேங்கொட்டைக் குறி

உ

மட்டாஞ்சேரி
9-7-1981

அன்புள்ள மகன் சுப்புராஜுக்கு அம்மா பேச்சியம்மாள் எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். பம்பாயில் நீயும் மருமகள் சந்தனமாரியும் என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்குக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் நீ போட்ட கடிதம் வந்தது. பாதி தமிழும் பாதி மலையாளமுமாக எழுதியிருந்தாய், உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நாங்கள்தான் என்பதால் திட்டவும் வாய் வரவில்லை. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான், எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, ஆனால் நீயே படி. கூட வேலை பார்க்கிற தமிழ்ப் பையன்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடாதே. சந்தனமாரிக்கு மட்டும் படித்துக் காட்டு, அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இங்கே மழை விட்டபாடில்லை. துறையில் துவைத்த துணி நாலு நாளானாலும் ஈரம் உலராமல் தொங்குகிறது, வீட்டுக்குள் கொடி கட்டிக் கரி அடுப்பு வைத்துக் காய வைக்கிறேன், வீடு முழுக்கப் புழுங்கல் நாற்றம். அது வருஷா வருஷம் உள்ளதுதான், அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் வெளுக்கிறார், ஒரு கைக்குட்டை மாறிப் போனது என்று ஒருத்தர் வாசலில் வந்து நின்றது கிடையாது, உனக்கே தெரியும். இந்த விஷுவுக்குப் பிறகு ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். யூதர்கள் இருக்கிற ஜூ டவுன் கடைக்காரரின் திரைச்சீலையை வேறு ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் சாயங்காலம் தோப்பும்படியில் மீன் விற்கிறவள் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள், பாலத்தடியில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாராம். வெயில் தலையில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார், நானும் நம்பினேன். நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது சுற்றித் திரிந்த தென்னந்தோப்பில் இப்போது வரிசையாக வீடு. எல்லாம் துபாய்ப் பணம். ஒரே மாதிரி மாடி, ஒரே மாதிரி கம்பி கேட், ஒரே மாதிரி பச்சைப் பெயிண்ட். போன மாதம் அதில் மூன்று வீட்டில் திருட்டுப் போனது. ஒரு வீட்டில் டேப் ரிக்கார்டர், ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம், ஒரு வீட்டில் பித்தளை நிலவிளக்கு. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் கேட் தூணின் அடியில் கறுப்பாக ஒரு குறி இருப்பதைப் பார்த்திருக்கிறார். போய்த் தேடினால் பதினேழு வீட்டில் குறி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பிறகு கேட்க வேண்டுமா? உடனே ஒரு பாதுகாப்புக் கமிட்டி. தலைவர் யார் தெரியுமா, நம் ராமபத்ரன் சார்தான், உனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர். கறிவேப்பிலைச் செடியைக்கூடப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிற மனுஷன். அவர் வீட்டுத் தூணில் ஒரு கோடும் அதன் கீழே மூன்று புள்ளியும் இருந்ததாம். மூன்று புள்ளி என்றால் அந்த வீட்டில் மூன்று பெண்கள் என்று அர்த்தமாம், கோடு என்றால் நாய் இல்லை என்று அர்த்தமாம், பெருக்கல் குறி போட்டிருந்தால் பகலில் ஆள் இருக்காதாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பாண்டிக் கள்ளர்களின் பாஷை இது என்று கமிட்டியில் ஒருவர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ தெரியவில்லை.

நமக்குப் பின்னால் ஓடுகிற தோட்டுக் கால்வாயின் கரையில் ஓலைக் குடிசை போட்டு மதுரைப் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், இருபது குடும்பம் இருக்கும். அதில் பிச்சை என்று ஒருவன், ஒழுகுகிற மாடிகளுக்குத் தார் பூசுகிறவன். போன வாரம் புதன்கிழமை மத்தியானம் மழைக்கு ஒரு கேட் ஓரம் ஒதுங்கி நின்றிருக்கிறான். கை பத்து விரலும் கறுப்பு. அதற்கு மேல் சாட்சி எதற்கு? நடு ரோட்டில் கட்டி வைத்து அடித்தார்கள். ராமபத்ரன் சாரும் ஓர் அடி அடித்தார், நான் இரண்டு கண்ணால் பார்த்தேன். பிறகு ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்கள். கேஸும் எழுதவில்லை, ஆளையும் விடவில்லை, இன்றைக்கு ஒன்பதாம் நாள். அன்றைக்கு உன் அம்மா என்ன செய்தாள் என்று கேள். பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து, இந்த மதுரைக்காரர்கள் வந்த பிறகுதான் ஊர் கெட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தலையில் மூட்டையோடு படகுத் துறையில் இறங்கியபோது என்னையும் பாண்டிச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அது எனக்கு மறந்துபோயிருந்தது, மறதி அப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை ராமபத்ரன் சார் வீட்டுச் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். காலரைத் திருப்பினேன். உள்பக்கம் ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி. எத்தனையோ வருஷமாக அந்தக் குறி மேல் பெட்டி ஓட்டுகிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கை நின்றுவிட்டது, சட்டை கருகுகிற வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன். மற்ற மூட்டைகளையும் அவிழ்த்துப் பார்த்தேன். பெருக்கல் குறி தாசில்தார் வீடு. இரண்டு கோடு டாக்டரம்மா வீடு. சாமான் வாங்கப் போகிற மாதிரிப் போய், தெருவில் குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நாலு தூணைப் பார்த்துவிட்டு வந்தேன். துணியில் உள்ளதுதான் தூணில் இருக்கிறது. பதினேழு வீடும் அப்பா வெளுக்கிற வீடு.

அப்பாவிடம் கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "ஏளா பேச்சி, வீடெல்லாம் ஒண்ணுபோல இருக்கு, நான் என்ன செய்ய, எந்த மூட்டை எந்த வீடுன்னு ஒரு அடையாளம் வேண்டாமா" என்றார். துணியில் குறி போடுகிற சேங்கொட்டையை மடியில் வைத்துக்கொண்டு போய், சுண்ணாம்பு அடித்த தூணில் போட்டிருக்கிறார், சுண்ணாம்பில் அது நன்றாகப் பிடிக்கும். யாரிடமும் சொல்லாதே, வெளுக்கக் கொடுக்க மாட்டார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அப்படி என் கையைப் பிடித்தது இல்லை. நான் அழுதேன், அவரும் அழுதார், ஆனால் சாப்பாடு ஆனதும் எதற்கு அழுதாய் என்று என்னைக் கேட்டார். சேங்கொட்டை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால் பயம். எல்லா வீட்டுக்கும் பின்வாசல் வழியாகப் போகிறவர் அப்பா. யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள், யார் வீட்டில் எந்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அவர். குறி போட்டது வண்ணான் என்று தெரிந்தால், மறதியில் போட்டான் என்று நினைப்பார்களா, கள்ளனுக்கு வழி காட்டப் போட்டான் என்று நினைப்பார்களா? இதை நினைத்து ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதற்கிடையில் பிச்சையின் பெண்சாதி ஒச்சம்மாள் இரண்டு தடவை வந்துவிட்டாள். ஏழு மாதம் வயிற்றோடு மழையில் நனைந்துகொண்டு, "அக்கா, நீங்க இந்த ஊர்க்காரவுக, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாகள்ல, அவருக்கு எடது காலை ஊண முடியலையாம்" என்று நின்றாள். உன் பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். வேட்டி கேட்டா வந்தாள்?

பம்பாயில் பக்கத்து அறைக்காரன் பெயர்கூடத் தெரியாது என்று நீ எழுதியபோது, இது ஒரு பிழைப்பா, இங்கேயே வந்துவிடு என்று பதில் போட்டேன் அல்லவா. இப்போது அப்படி எழுத மாட்டேன். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், நான் காலையில் என்ன குழம்பு வைத்தேன் என்பது மதியத்துக்குள் நாலு வீட்டுக்குத் தெரியும், அதுவே பாதுகாப்பு என்று இருந்தேன். அதே கண்கள் ஒரு நாள் திரும்பினால் ஒளிய இடம் கிடையாது. சங்கரன்கோவில் பக்கம் திரும்பிப் போகலாமா என்றால், அங்கே நாம் யார் என்பது பிறக்கிற பிள்ளைக்கும் தெரியும், அதைத் தாங்க முடியாமல்தானே இங்கே வந்தோம். உன்னை யாருக்கும் தெரியாத ஊரில் நீ இருப்பது இப்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். வாசல் தெளிக்கப் போனேன். நம் வீட்டுக் கதவுத் தூணில், கண்ணுக்கு நேராக, ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும். புதுக் கறுப்பு. மடியில் இன்னொரு கொட்டை வைத்திருந்திருக்கிறார். நம் வீட்டுத் துணிக்கு ஒரு நாளும் குறி கிடையாது, குறி இல்லாத துணி என்றால் அது நம்முடையது, உனக்குத் தெரியும். அவருக்கு இப்போது நம் வீட்டுக்கும் ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. புளி வைத்துத் தேய்த்தேன், சோடா போட்டுத் தேய்த்தேன், கை தோல் உரிந்ததுதான் மிச்சம். சேங்கொட்டைக் கறை போகாது, போகாது என்பதால்தான் நம் பிழைப்பே நடக்கிறது.

தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே ராமபத்ரன் சாரும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். தேய்த்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சார் குனிந்து குறியைப் பார்த்தார். குனிந்தபோது அவர் காலர் கொஞ்சம் விலகியது, நான் பெட்டி போட்ட சட்டை, பிடரியில் அந்தக் கோடும் மூன்று புள்ளியும் எனக்குத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து, "பேடிக்கண்டா பேச்சியம்மே, நிங்ஙள் நம்முடெ ஆள்க்காரல்லே" என்றார். பயப்படாதே, நீங்கள் நம்முடைய ஆட்கள், உங்கள் வீட்டையும் அந்தப் பாண்டிகள் குறி வைத்துவிட்டார்கள், ஒருவனைப் பிடித்தும் அடங்கவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து தோட்டுக் கரைக் குடிசைகளைப் பிரித்துவிடப் போகிறோம் என்றார். கூட வந்தவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. குறியை அழிக்கத்தான் என்றான். சார் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார். அப்பா உள்ளேயிருந்து வந்து, வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார், யார் என்று தெரியாமலேயே கும்பிட்டார்.

இனி மேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது பயம் இல்லை ராசா, பாவம். இன்று நாலு மணிக்கு ராமபத்ரன் சார் வீட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு நானே போகிறேன். சட்டையைத் தூணுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டப் போகிறேன். நம்புவாரோ மாட்டாரோ தெரியாது. அவர் நம்பினாலும் மற்றவர்கள் நம்ப வேண்டும், தன் கையால் அடித்தவன் குற்றமில்லாதவன் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஜூ டவுன் முக்கில் தையல் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். நான் திரும்பி வரும்வரை அப்பா அவர் கடையில் இருப்பார். அவரும் கூட வருகிறேன் என்றார், வேண்டாம், நாளைக்கு உங்கள் கடைக்கும் ஒரு குறி வரும் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட பிறகுதான் போவேன். உனக்குக் கிடைக்கும்போது ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். பத்து நாளில் என் கையெழுத்தில் கடிதம் வரவில்லை என்றால் நீ மட்டும் புறப்பட்டு வா. நேராக வீட்டுக்கு வராதே, பாய் கடைக்குப் போ, தந்தி அடித்தாலும் அந்த விலாசத்துக்கே அடி. ஸ்டேஷனில் இறங்கியதும் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் நல்ல மலையாளத்தில் பதில் சொல். அப்பா உன்னைப் பார்த்து யாரப்பா நீ என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்கு மழையில் காது மூடிவிடச் சொல், சந்தனமாரியிடம் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் நூறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும், அந்தத் தாய் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பேச்சியம்மாள்

இதன் கீழே இருக்கும் வட்டமும் புள்ளியும் மை சிந்தியது இல்லை. எப்போதும் போல அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வெகு நேரம் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு இதை வரைந்தார். வரைந்துவிட்டு, இது நம்ம வீட்டுக்குத்தானே போகுது என்று கேட்டார். ஆமாம் என்றேன்.