பேச்சிக்கு மிஞ்சிய சொல்

ஐப்பசி, வியாழக்கிழமை ராத்திரி.

காலையில் கூண்டுக்குள் கிளி செத்துக் கிடந்தது. பேச்சி கண் விழிக்கும் முன்னே கொல்லையில் புதைத்துவிட்டு, கூண்டைத் துண்டால் மூடினேன். தேவதானம் தோப்பில் காக்கா கொத்திப் போட்ட குஞ்சை முந்தானையில் பொதிந்து வந்து வளர்த்தவள் அவள்தான். ராஜபாளையத்திலிருந்து மகள் போனில், "யப்பா, அம்மாகிட்ட சொல்லிராதீய, தாங்கமாட்டா" என்றாள்.

பக்கவாதம் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியதிலிருந்து என் பொண்டாட்டிக்கு மிஞ்சிய ஒரே சொல் கிளி. தாகம் என்றால் கிளி. கால் வலித்தால் கிளி. அவள் தங்கச்சி வந்தால் சிரித்துக்கொண்டே கிளி. என்னைத் திட்டவும் அதேதான், அழுத்தம் மட்டும் கூடும். இழுக்கிற இழுப்பிலேயே எனக்கு விளங்கிவிடும். மருமகன்கூட கேலி பண்ணுவார், "மாமா, அத்தை வையுதாவளா, கொஞ்சுதாவளா?"

இன்று கூண்டைக் கைகாட்டி, "கிளி" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். தட்டிவிட்டாள். "கிளி."

ஃபேனைப் போட்டேன். "கால் குடையுதாட்டி?" என்று பிடித்துவிட்டேன். என்னையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிலிருந்து வாய் பேசவில்லை. சோறு ஊட்டினேன், தின்றாள். மாத்திரை கொடுத்தேன், முழுங்கினாள். "ஏட்டி, வையணும்னா வையி. கிளின்னு ஒரு தடவ சொல்லு" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

கண்ணை மூடிக் கிடக்கிறாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.