கடைசிப் பக்கத்தின் மூன்றாம் வரி

தம்பிக்கு,

கோணல்மாணலான இந்த எழுத்தை மன்னித்துக்கொள். எழுபத்தொரு வயதில், மர்பி டவுன் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் கற்றது. ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன் என்றாலும், எழுத எழுத ஆனந்தமாக இருக்கிறது.

நேற்று மியூசியத்துக்குப் போனேன். நீ அச்சுக்கோத்து, நான் டிரெடில் அச்சு இயந்திரத்தை மிதித்து, நூறே பிரதிகள் அடித்தோமே, அந்தப் புத்தர் போதனை நூலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கடைசிப் பக்கம் தெரிய விரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புத்த பூர்ணிமாவுக்கும் அந்தப் பக்கத்தின் மூன்றாம் வரியில் என் விரலை வைத்து, "இதாண்ணே உம்பேரு, கண்ணுல ஒத்திக்கோ" என்பாய். முப்பது வருடம் ஒத்திக்கொண்டேன்.

நேற்றுதான் அதை வாசித்தேன். "காகிதம்: கையால் செய்தது." அடுத்த வரியில், அச்சிட்டவர் என்று உன் பெயர் மட்டும்.

"தாத்தா, கண்ணாடிய தட்டாதீங்க" என்றாள் காவலுக்கு நின்ற பெண்.

"இத அடிச்சதே நான்தாம்மா."

"அதுல உங்க பேரு இல்லியே தாத்தா" என்று சிரித்தாள்.

காகிதத்துக்குக்கூட ஒரு வரி கொடுத்திருக்கிறாயே, பாவி.

அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன். உனக்கல்ல, மியூசியம் அதிகாரிக்கு. அதற்குள் நீயே போய் உண்மையைச் சொல். இல்லாவிட்டால் என் பெயரை நானே எழுதிக் கொடுப்பேன். இப்போது எனக்கு அதை எழுதத் தெரியும்.

உன் அண்ணன்